தங்கவயலிலிருந்து கார்ன்வால் வரை: எள்ளுத்தாத்தாவின் குடும்பத்தைத் தேடும் வழி

கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். கேட்டவருடைய அம்மாவின் அம்மா ஒரு பாட்டி. அந்தப் பாட்டியைப் பெற்ற தாய் 1898-இல் கோலார் தங்கவயலில் பிறந்தவர். அவருடைய தந்தை இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த வெள்ளைக்காரச் சுரங்கத் தொழிலாளி என்றும், தாய் வட ஆர்க்காட்டிலிருந்து வந்த தமிழ்ப் பெண் என்றும் வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். கையில் இருப்பது ஞானஸ்நானச் சான்றிதழின் நகல் ஒன்று மட்டுமே. அதில் தந்தையின் பெயரும் தொழிலும் உள்ளன; தாயின் இடத்தில் ஒற்றைக் கிறிஸ்தவப் பெயர் மட்டும் இருக்கிறது. கேட்டவர் எச்சில் மாதிரி கொடுத்து டி.என்.ஏ. பரிசோதனையும் செய்திருக்கிறார், பிரித்தானிய வம்சாவளி 5 சதவீதம் என்று முடிவு வந்திருக்கிறது. பாட்டியின் கடைசித் தங்கை 88 வயதில் உயிரோடு இருக்கிறார். இவற்றை வைத்து, அந்த எள்ளுத்தாத்தாவின் பெற்றோரும் உடன்பிறந்தோரும் யார் என்று பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கண்டுபிடிக்க முடியுமா என்பதே கேள்வி.

முடியும் என்றே நம்புகிறேன். ஆனால் கணக்கெடுப்பை மட்டும் வைத்தோ டி.என்.ஏ.வை மட்டும் வைத்தோ முடியாது. உங்கள் எள்ளுத்தாத்தாவின் குடும்பப் பெயர் கார்ன்வாலில் தெருவுக்குப் பத்து வீடுகளில் இருக்கும் பெயர். கணக்கெடுப்பில் அந்தப் பெயரும் அந்த வயதும் கொண்டவர்கள் பலர் வருவார்கள், அவர்களில் உங்களவர் யார் என்று காகிதம் தானாகச் சொல்லாது. டி.என்.ஏ. உங்களை ஒரு வீட்டு வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் அந்த வீட்டில் அண்ணன் தம்பிகள் நான்கு பேர் இருந்தால், அவர்களில் இந்தியாவுக்குக் கப்பலேறியவர் யார் என்பதைக் காகிதத்தில்தான் தேட வேண்டும். இந்த இரண்டையும் எந்த இடத்தில் பொருத்துவது என்பதுதான் இந்தப் பதிலின் சாரம்.

கார்ன்வாலிலிருந்து ஆட்கள் ஏன் வந்தார்கள் என்பது தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெளிவாகும். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் இருக்கும் அந்தப் பகுதி செம்புக்கும் வெள்ளீயத்துக்கும் பேர்போனது. 1866-இல் செம்பின் விலை சரிந்ததும் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. அடுத்த பத்தாண்டில் வெள்ளீயமும் அடி வாங்கியது. கேம்போர்ன், ரெட்ரூத், குவென்னாப், செயின்ட் ஜஸ்ட் போன்ற ஊர்களின் சுரங்கத் தொழிலாளர்கள் தென் ஆஸ்திரேலியாவின் மூண்டாவுக்கும், அமெரிக்காவின் மிச்சிகனுக்கும், கலிபோர்னியாவின் கிராஸ் வேலிக்கும், தென்னாப்பிரிக்காவுக்கும் சிதறினார்கள். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880-இல் மைசூர் சமஸ்தானத்தின் கோலார் பகுதியில் காலடி வைத்தபோது, ஆழமான பாறைச் சுரங்கம் தெரிந்த ஆட்களைத் தனக்குப் பழக்கமான கார்ன்வாலிலிருந்தே வரவழைத்தது. சுரங்க மேற்பார்வையாளரைக் 'கேப்டன்' என்று அழைக்கும் வழக்கமும் அங்கிருந்து வந்ததே. ஆகவே குடும்பக் கதையில் 'கேப்டன்' என்ற சொல் அடிபட்டால் அவரைப் பட்டாளத்துக்காரர் என்று எடுத்துக்கொண்டு ராணுவ ஆவணங்களில் தேடத் தொடங்கிவிடாதீர்கள். பாறையை உடைத்து மேலே ஏற்றிய கூலித் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகுதி. உங்கள் வீட்டுக் கதை இந்த வரலாற்றோடு பிசிறில்லாமல் பொருந்துகிறது.

முதல் வேலை, கையிலுள்ள ஞானஸ்நானச் சான்றிதழின் மூலத்தைப் பார்ப்பது. சான்றிதழ் என்பது பின்னாளில் யாரோ பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொடுத்த நகல். பதிவேட்டின் பக்கத்தில் சான்றிதழுக்கு வராத செய்திகள் இருக்கலாம்: குடியிருந்த இடம் சாம்பியன் ரீஃபா, ஊரிகமா, மாரிகுப்பமா என்பது, ஞானத்தாய் தந்தையரின் பெயர், அதே தந்தைக்கு அடுத்த பக்கத்தில் இன்னொரு பிள்ளை. பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் திருச்சபைப் பதிவுகளுக்குப் படி எடுத்து லண்டனுக்கு அனுப்பும் முறை இருந்தது. சென்னை மாகாணத்துக்கு உரிய படிகள் 1698 முதல் 1948 வரை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'என்/2' என்ற வரிசையில் இருக்கின்றன. மைசூர் சமஸ்தானத்துப் போதகர்கள் சென்னைப் பேராயத்தின் கீழ் இருந்ததால் தங்கவயலையும் அதிலேயே தேட வேண்டும். இவற்றில் பெரும்பகுதி ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் படங்களாக உள்ளது. பிரித்தானிய இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் என்ற சங்கத்தின் தளத்தில் இலவச அட்டவணைகளும் கிடைக்கும். கார்ன்வால்காரர்களில் மெதடிஸ்ட் சபையினர் மிகுதி என்பதையும் நினைவில் வையுங்கள்; ஆங்கிலத் திருச்சபைப் பதிவேட்டில் ஒருவர் கிடைக்கவில்லை என்றால் அவர் இல்லை என்று பொருளாகாது.

இந்தியக் கணக்கெடுப்பை நம்பி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நாடு முழுவதும் எண்ணினார்கள் என்பது உண்மைதான். ஆனால் வீடுவீடாகப் பெயரெழுதிய தாள்கள் பாதுகாக்கப்படவில்லை. சாதி, தொழில், மதம் என்று கூட்டித் தொகுத்த அட்டவணைகளும் அறிக்கைகளும்தான் மிஞ்சின. உங்கள் எள்ளுப்பாட்டியும் 1901-இல் ஓர் எண்ணாக எண்ணப்பட்டிருப்பார். அந்தத் தாளை இனிக் காண முடியாது. அவரைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் நிலை வேறு. அங்கே 1801-இலேயே கணக்கெடுப்பு தொடங்கினாலும் எல்லோருடைய பெயரையும் எழுதிய ஆவணங்கள் 1841 முதல்தான் வரிசையாகக் கிடைக்கின்றன. நூறு ஆண்டு கழிந்த பிறகே பொதுமக்களுக்குத் திறப்பார்கள்; 1921-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஜனவரியில் வெளியாயின. 1931-இன் தாள்கள் 1942-இல் தீயில் எரிந்துபோயின. 1941-இல் போரினால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. எனவே 1841-க்கும் 1921-க்கும் இடைப்பட்ட ஒன்பது கணக்கெடுப்புகளே நமக்குள்ள மொத்தக் களம். அயர்லாந்துக்காரர் ஒருவரைத் தேடுகிறவருக்கு இந்த வசதிகூட இல்லை. 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததோடு, வேறு சில ஆண்டுகளின் தாள்களை அரசே அழித்துவிட்டதால், 1901, 1911 ஆகிய இரண்டுக்கு முந்தியவை அங்கே துண்டு துணுக்காகவே மிஞ்சியுள்ளன.

உங்கள் கொள்ளுப்பாட்டி 1898-இல் பிறந்தார் என்றால், அவருடைய தந்தை ஏறக்குறைய 1850-க்கும் 1877-க்கும் இடையில் பிறந்திருப்பார். அவர் 1857-இல் பிறந்தவர் என்று வைத்துக்கொண்டால், 1861-இல் நான்கு வயதுப் பிள்ளையாகவும், 1871-இல் பதினான்கு வயதில் அநேகமாகச் சுரங்க வேலைக்குப் போகும் பையனாகவும் பெற்றோரோடு இருப்பார். 1872-இல் பிறந்தவர் என்றால் 1881-லும் 1891-லும் பெற்றோர் வீட்டில் பார்க்கலாம். ஆகவே இந்த நான்கு கணக்கெடுப்புகளிலும் அந்தப் பெயருடையவர்களை ஒருவர் விடாமல் பட்டியலிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு வரி ஒதுக்கி, பத்தாண்டுக்கு ஒருமுறை அவர் எங்கே இருந்தார் என்று நிரப்புங்கள். 1897-இல் அவர் தங்கவயலில் இருந்திருக்க வேண்டும். 1881-இல் வீட்டில் இருந்து, 1891-லும் 1901-லும் காணாமல் போன ஒருவர் வலுவான வேட்பாளர். இரண்டிலும் கேம்போர்னிலேயே இருந்தவரை உடனே நீக்க முடியாது, ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்து திரும்பியவர்கள் உண்டு. ஆனாலும் அவரைப் பட்டியலில் கீழே இறக்கலாம்.

இந்தத் தேடலுக்குப் பணம் கட்டும் தளங்களுக்கு முதலிலேயே போக வேண்டியதில்லை. ஃபேமிலிசர்ச் தளத்தில் 1881 கணக்கெடுப்பின் அட்டவணை முழுவதும் இலவசம். ஃப்ரீசென் என்ற தன்னார்வத் திட்டத்தில் மற்ற மாவட்டங்களைவிடக் கார்ன்வாலுக்கான வேலை வெகுவாக முன்னேறியிருக்கிறது. கார்ன்வாலின் ஆன்லைன் பாரிஷ் கிளார்க் தரவுத்தளத்தில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவுகளை ஊர் ஊராகப் பெயர்த்தெழுதி வைத்திருக்கிறார்கள். மெதடிஸ்ட் சபைப் பதிவுகளும் அதில் உண்டு.

படத்தைத் திறந்து மூலப் பக்கத்தையே பார்க்க வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன். நான் முதன்முதலில் பார்த்த கேம்போர்ன் பக்கம் 1891-ஆம் ஆண்டினுடையது. ஒரு வீட்டுக்கான வரிகளில் முதல் வரியே ஒரு பெண்ணின் பெயராக இருந்தது. உறவுமுறைக் கட்டத்தில் 'குடும்பத் தலைவர்' என்பதற்குப் பதிலாக 'மனைவி' என்று எழுதியிருந்தது, ஆனால் கணவனின் வரி எங்கும் இல்லை. தொழில் கட்டத்தில் 'சுரங்கத் தொழிலாளியின் மனைவி'. கீழே மூன்று பிள்ளைகள். வீட்டில் ஐந்துக்குக் குறைவான அறைகள் இருந்தால் எண்ணிக்கையை எழுத வேண்டும் என்று அந்த ஆண்டுதான் கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கட்டத்தில் '3'. வயதுகளின் மேல் லண்டன் அலுவலக எழுத்தர் கூட்டிச் சரிபார்த்துக் கிறுக்கிய கோடுகள். ஒரு குழந்தையின் வயது 6-ஆ 8-ஆ என்று அந்தக் கோட்டினால் தெரியவில்லை. கணினி அட்டவணையில் அந்தப் பெண் வெறும் பெயராகவும் வயதாகவும் இருந்தார். பக்கத்தில் பார்த்தபோதுதான், கணவன் கடல் கடந்து போயிருக்க, மூன்று அறை வீட்டில் மூன்று பிள்ளைகளோடு இருந்த ஒருத்தி கண்ணுக்குத் தெரிந்தாள். இப்படித் தலைவனில்லாத வீடுகள்தாம் நீங்கள் தேட வேண்டியவை.

1841 முதல் 1901 வரை நமக்குக் கிடைப்பது வீட்டார் நிரப்பிய தாள் அன்று. கணக்கெடுப்பாளர் அவற்றைப் பார்த்து ஏட்டில் எழுதிய படி. வீட்டார் சொன்னதை ஒருவர் எழுத, அதை இன்னொருவர் நம் காலத்தில் படித்துக் கணினியில் ஏற்ற, பெயர் இரண்டு முறை கெட வாய்ப்புண்டு. 1911-இல்தான் வீட்டார் தம் கைப்பட எழுதிய தாளே மிஞ்சியது. அந்த ஆண்டில் மணமான பெண்களிடம் திருமணமாகி எத்தனை ஆண்டு, எத்தனை பிள்ளைகள் பிறந்தன, எத்தனை உயிரோடு இருக்கின்றன, எத்தனை இறந்தன என்று கேட்டார்கள். கார்ன்வாலில் உங்கள் எள்ளுத்தாத்தாவுக்கு ஒரு குடும்பம் இருந்திருந்தால், எத்தனை பிள்ளைகளைத் தேட வேண்டும் என்பதை அந்த ஒரு தாள் சொல்லிவிடும்.

பொறிகள் சில உண்டு. 1841-இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழே இறக்கி எழுதச் சொன்னார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். அந்த ஆண்டில் உறவுமுறையும் எழுதவில்லை, ஆகவே ஒரே வீட்டிலிருக்கும் இரு பெரியவர்களைக் கணவன் மனைவி என்று முடிவு கட்டாதீர்கள். அண்ணன் தங்கையாகவும் இருக்கலாம். பின்வந்த கணக்கெடுப்புகளில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் 'மருமகன்' என்று வந்தால் திகைக்க வேண்டாம்: அக்காலத்து ஆங்கிலத்தில் மருமகனைக் குறிக்கும் அதே சொல், வாழ்க்கைத் துணையின் முந்தைய மணத்தில் பிறந்த பிள்ளையையும் குறித்தது. மகளுக்கு மணமாகாமல் பிறந்த குழந்தையைத் தாத்தாவும் பாட்டியும் தம் பிள்ளையாக எழுதிக்கொண்டதும் உண்டு. தாயின் பெயரைச் சரிபார்க்க, இங்கிலாந்தின் பிறப்புப் பதிவு அட்டவணையைப் பாருங்கள். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு அங்கே 1837 ஜூலையில் தொடங்கியது. தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் இணைய அட்டவணையில் குழந்தையின் தாயுடைய பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும். அண்ணன் தம்பிகளை ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று உறுதி செய்ய அது பெரிதும் உதவும்.

தங்கவயலுக்கென்றே பயன்படும் ஒரு வழி இருக்கிறது. 1901, 1911, 1921 கணக்கெடுப்புகளில் பெயரைப் போடாமல், வசிக்கும் ஊர் கேம்போர்ன் அல்லது ரெட்ரூத், பிறந்த இடம் இந்தியா என்று மட்டும் போட்டுத் தேடுங்கள். தங்கவயலில் பிறந்து ஊர் திரும்பிய பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். 'மைசூர்' என்றோ 'கோலார்' என்றோ எழுதியிருந்தால் இன்னும் நல்லது. எந்தெந்தக் குடும்பங்களுக்குத் தங்கவயலோடு போக்குவரத்து இருந்தது என்ற பட்டியல் இதனால் கிடைத்துவிடும். சுரங்கத்துக்கு ஆள் போனது பெரும்பாலும் சொந்தம், பக்கத்து வீடு என்ற வழியில்தான். உங்கள் எள்ளுத்தாத்தாவின் அண்ணனோ மைத்துனனோ அந்தப் பட்டியலில் இருக்கக்கூடும்.

கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒரே ஓர் இரவைக் காட்டுவது. இடைவெளியை நிரப்ப வேறு ஆவணங்கள் வேண்டும். பிரித்தானியத் துறைமுகங்களிலிருந்து புறப்பட்ட கப்பல்களின் பயணிகள் பட்டியல் 1890 முதல் இருக்கிறது. திரும்பி வந்தவர்களுக்கு 1878 முதல் உண்டு. இந்தியாவிலிருந்த ஐரோப்பியரின் பெயரையும் வேலையையும் ஆண்டுதோறும் அச்சிட்ட தாக்கர் டைரக்டரியில் சுரங்க ஊழியர்களையும் தேடுங்கள். கார்ன்வாலின் செய்தித்தாள்கள், தங்கவயலில் நேர்ந்த விபத்து, மரணம், ஊர் திரும்பியவர் பற்றிய செய்திகளை வெளியிட்டிருக்கின்றன. எல்லாவற்றையும்விட நான் மதிப்பது 1858 முதல் அச்சாகியுள்ள உயில் உறுதிப்பாட்டு அட்டவணை: இறந்தவரின் ஊர், இறந்த நாள், இடம், சொத்து யாருக்கு ஒப்படைக்கப்பட்டது என்பவை இரண்டு மூன்று வரிகளில் இருக்கும். இந்தியாவில் இறந்த ஒருவரையும் கார்ன்வாலில் இருந்த அவருடைய மனைவியையோ அண்ணனையோ ஒரே வாக்கியத்தில் கட்டிப்போடும் ஆவணம் அதைப்போல் வேறில்லை.

இனி டி.என்.ஏ. உங்களுக்கு வந்த 5 சதவீதத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எள்ளுத்தாத்தாவிடமிருந்து ஒருவருக்குச் சராசரியாக 6.25 சதவீதம் வரும். கூடுதலாகவும் குறைவாகவும் வரலாம். ஆகவே உங்கள் எண் குடும்பக் கதைக்கு முரணாக இல்லை. அதற்கு மேல் அந்த எண்ணிலிருந்து எதையும் பிழிய முடியாது. வம்சாவளி விழுக்காடு என்பது நிறுவனம் தன்னிடமுள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டுச் செய்யும் மதிப்பீடு. அடுத்த ஆண்டு கணக்கு முறையை மாற்றினால் எண்ணும் மாறும். நமக்கு வேண்டியது அந்தப் பக்கம் அன்று, அதற்கு அடுத்துள்ள உறவினர் பட்டியல். உங்களோடு டி.என்.ஏ. துண்டுகளைப் பகிர்ந்துகொள்ளும் மற்ற பரிசோதனையாளர்கள் அதில் இருப்பார்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எத்தனை சென்டிமார்கன் (டி.என்.ஏ. துண்டுகளை அளக்கும் அலகு) பொதுவாக உள்ளது என்று இருக்கும்.

அந்தப் பட்டியலை ஆராய்வதற்கு முன், தயவுசெய்து உங்கள் சின்னப் பாட்டியிடம் சம்மதம் கேட்டு அவருக்குப் பரிசோதனை செய்யுங்கள். உங்களுக்கு எள்ளுத்தாத்தாவான அந்த மனிதர் அவருக்குச் சொந்தத் தாத்தா. உங்கள் உடம்பில் பதினாறில் ஒரு பங்காக இருப்பது அவர் உடம்பில் ஏறக்குறைய கால்பங்கு. உங்கள் பட்டியலில் 20 சென்டிமார்கனாகத் தெரியும் ஓர் உறவு அவர் பட்டியலில் 80 ஆகவோ அதற்கு மேலாகவோ இருக்கலாம். உங்களுக்கு அறவே தெரியாத உறவுகளும் அவருக்குத் தெரியும். மூன்றாம் நிலை ஒன்றுவிட்ட உறவினர்களில் (ஒரே எள்ளுத்தாத்தா, எள்ளுப்பாட்டி வழி வந்தவர்களில்) பத்தில் ஒருவருக்குப் பொதுத் துண்டு எதுவுமே அகப்படாது. நான்காம் நிலையில் பாதிப் பேருக்கு அகப்படாது. உங்களுக்குப் பதில் அவரை வைத்துத் தேடினால் இரண்டு தலைமுறை முன்னால் போய் நிற்கலாம். கணக்கெடுப்புத் தாளை அடுத்த ஆண்டும் பார்க்கலாம். 88 வயதில் இருப்பவரின் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. முதியவர்களுக்குக் குழாய் நிறைய எச்சில் ஊறுவது கடினம், ஆகவே கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தேய்த்தெடுக்கும் முறையுள்ள நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். முடிவு வந்ததும் மூலத் தரவை இறக்கி ஜெட்மேட்ச் போன்ற பொதுத் தளத்தில் ஏற்றினால், வேறு நிறுவனங்களில் பரிசோதித்தவர்களோடும் ஒப்பிடலாம். அந்தத் தரவு யார் யார் பார்வைக்குப் போகும் என்பதைச் சின்னப் பாட்டிக்கும் அவர் பிள்ளைகளுக்கும் முன்னதாகவே விளக்கிச் சொல்லிவிடுங்கள்.

தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. அத்தை மகள், மாமன் மகன், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள்ளேயே பல தலைமுறையாக மணம் முடித்த நம் குடும்பங்களில், தூரத்து உறவினரும் பல வழிகளில் உறவாக இருப்பதால் சென்டிமார்கன் எண் ஊதிப்போய்த் தெரியும். ஐந்தாறு தலைமுறைக்கு அப்பாலுள்ள ஒருவர் இரண்டாம் நிலை உறவினரைப்போலக் காட்சி தருவார். உங்கள் தமிழ்ப் பக்கத்தில் எண்ணை வைத்து உறவைக் கணிப்பது ஆபத்தானது. ஆனால் பிரித்தானியப் பக்கத்தில் நிலைமை நேர்மாறு: உங்கள் குடும்பத்தில் வேறு ஐரோப்பிய முன்னோர் இல்லையென்றால், சின்னப் பாட்டியின் பட்டியலில் வரும் ஒவ்வொரு கார்ன்வால்காரரும் அந்த ஒரே மனிதர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். இங்கிலாந்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் தம் எட்டு முப்பாட்டன் பாட்டிகளில் யார் வழி இந்த உறவு என்று பிரிக்கத் திண்டாடுவார்கள். உங்களுக்கு அந்தச் சிக்கலே இல்லை.

பட்டியலில் மூண்டாவிலிருந்து ஒருவர், மிச்சிகனிலிருந்து ஒருவர், கேம்போர்னிலேயே இருப்பவர் ஒருவர் என்று வந்தால் வியப்படைய வேண்டாம். 1866-க்குப் பின் சிதறியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். ஒவ்வொருவருடைய குடும்ப மரத்தையும் கணக்கெடுப்பைக் கொண்டு நீங்களே மேலே கட்டிக்கொண்டு போங்கள். இணையத்தில் பிறர் வைத்திருக்கும் மரங்களை அப்படியே நம்பாதீர்கள், ஒருவர் செய்த பிழையை நூறு பேர் படியெடுத்திருப்பார்கள். தங்களுக்குள்ளும் பொதுத் துண்டு உடைய மூவரின் மரங்களும் ஒரு கட்டத்தில் ஒரே கணவன் மனைவியிடம் வந்து சேரும். 1861-இலோ 1871-இலோ அந்தத் தம்பதியின் வீட்டில், உங்கள் சான்றிதழில் உள்ள பெயரோடு ஒரு பையன் இருந்தானா என்று பாருங்கள். இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒரு எச்சரிக்கை: சுரங்க ஊர்களிலும் பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்களே கொண்டு கொடுத்திருக்கிறார்கள், ஆகவே ஒரு பொருத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. 15 சென்டிமார்கனுக்குக் கீழே உள்ளவற்றை நான் சாட்சியாகவே எடுத்துக்கொள்வதில்லை.

மீதிப் பாதியைத் தாண்டுவதுதான் கடினம். சான்றிதழில் இருப்பது சரியான பெயர்தானா என்ற ஐயமும் உண்டு. மணமாகாமல் பிறந்த குழந்தைக்கு அண்ணனோ நண்பனோ பொறுப்பேற்றுப் பெயர் கொடுத்திருக்கலாம். உறவு எண்களைத் தொகுத்த பொதுத் திட்டம் ஒன்றின்படி, சின்னப் பாட்டிக்கும் அந்த மனிதரின் கார்ன்வால் மனைவி வழிக் கொள்ளுப்பேரனுக்கும் சராசரியாக 224 சென்டிமார்கன் பொதுவாக இருக்கும். அதே சின்னப் பாட்டிக்கும் அந்த மனிதருடைய தம்பியின் பேரனுக்கும் சராசரி 229. இந்த இரண்டையும் எண்ணை வைத்துப் பிரிக்கவே முடியாது. ஒரு வேட்பாளரின் நேரடிப் பேரனோ பேத்தியோ பரிசோதனைக்குச் சம்மதித்தால் நிலைமை மேம்படும்: அவரே தந்தை என்றால் சராசரி 449 வர வேண்டும், அவருடைய அண்ணனோ தம்பியோ என்றால் 229. ஆனால் முதலாவது 156 வரை இறங்கும், இரண்டாவது 592 வரை ஏறும். எனவே ஒருவரோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று பேரைப் பரிசோதித்து, டி.என்.ஏ. பெயின்டர் தளத்தில் உள்ள நிகழ்தகவுக் கருவியில் எல்லா எண்களையும் சேர்த்துப் போட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் இருவர் சமநிலையில் நின்றால், மேலே சொன்ன கப்பல் பட்டியலும் டைரக்டரியும் 1897-இல் யார் தங்கவயலில் இருந்தார் என்பதை வைத்துத் தீர்ப்பளிக்கும். தந்தை வழியில் ஆணுக்கு ஆண் இறங்கும் ஒய் டி.என்.ஏ. உங்களுக்கு உதவாது, அந்த மனிதரிடமிருந்து உங்களுக்கு வரும் வழி முழுவதும் பெண்கள்.

கார்ன்வால் உறவினருக்கு எழுதும் முதல் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். நீங்கள் யார், எத்தனை சென்டிமார்கன் பொருத்தம், அவர்கள் முன்னோரில் யாராவது இந்தியச் சுரங்கங்களுக்குப் போனதாகச் செய்தி உண்டா, இவ்வளவு போதும். அவர்கள் வீட்டில் அந்த மனிதர் மனைவிக்கு மாதாமாதம் பணம் அனுப்பிய நல்ல கணவராக நினைவுகூரப்படலாம். தங்கவயலில் ஒரு மகள் இருந்தாள் என்ற செய்தியை எடுத்த எடுப்பில் அவர்கள் மடியில் போடாமல், அவர்கள் கேட்கும் வரை பொறுத்துச் சொல்லுங்கள். பதில் வராமல் ஆறு மாதம் போகலாம்; சண்டை பிடிக்காமல் அடுத்தவருக்கு எழுதுங்கள்.

கடைசியாக உங்கள் எள்ளுப்பாட்டி. கேள்வி முழுவதும் அந்தச் சுரங்கத் தொழிலாளியைப் பற்றியே இருந்தது. அவரைப் பற்றிய காகிதங்கள் இருப்பதால் தேடலும் அவரையே சுற்றி வருவது இயல்பு. ஆனால் நீங்கள், உங்கள் அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி என்ற வழி நேராக அந்தத் தமிழ்ப் பெண்ணிடம் போய்ச் சேருகிறது. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. உங்களுக்கு அவரிடமிருந்து வந்தது; சான்றிதழில் ஒற்றைப் பெயராக நிற்கும் அவருடையது இன்று உங்கள் உடம்பின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் இருக்கிறது. அந்தப் பரிசோதனை பல்லாயிரம் ஆண்டுப் பழமையான தாய்வழிப் பிரிவைத்தான் காட்டும், ஊரையோ பெயரையோ காட்டாது. பாதிக்கும் மேற்பட்ட இந்தியர்கள் 'எம்' என்ற ஒரே பெரும் பிரிவில் அடங்கிவிடுவார்கள். கணக்கெடுப்புத் தாளும் இல்லை. ஆகவே அவரைத் தேட மிச்சமிருப்பது சின்னப் பாட்டியின் நினைவு மட்டுமே.

டி.என்.ஏ. மாதிரி எடுக்கப் போகும் அன்றே ஒரு நோட்டும் ஒலிப்பதிவு செய்யக் கைப்பேசியும் கொண்டுபோங்கள். "உங்க பாட்டி பேர் என்ன" என்று கேட்டால் ஞானஸ்நானப் பெயர்தான் வரும். வீட்டில் அவரை என்னவென்று கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். நல்லது கெட்டதுக்கு எந்த ஊருக்குப் போனார்கள், இறங்கிய ரயில் நிலையம் எது, ஆம்பூரா, குடியாத்தமா, வாணியம்பாடியா, அங்கிருந்து மாட்டு வண்டியா நடையா என்று கேளுங்கள். வேதத்துக்கு வந்த (கிறிஸ்தவரான) பிறகும் கிடா வெட்டுக்கு யாராவது பணம் அனுப்பினார்களா, அது எந்தச் சாமிக்கு என்று கேளுங்கள். குலதெய்வத்தின் பெயரும் கோயில் இருக்கும் ஊரும் தெரிந்தால், அந்தக் கோயிலுக்கு வரும் பங்காளிகளிடம் தங்கவயலுக்குப் போன குடும்பம் எது என்று விசாரிக்கலாம். அவர் சொல்வதைத் திருத்தாமல், அவர் உச்சரித்தபடியே எழுதிக்கொள்ளுங்கள்.